முகவரியில் இருக்கிறது பள்ளிக்கூடம்

பாஸ்டனுக்கு மேற்கே வீடு தேடிக்கொண்டிருந்த நண்பர் ஒருவருக்குத் துணையாகச் சில ஞாயிற்றுக்கிழமைகள் அலைந்தேன். எத்தனை அறை, கூரை எந்த வருடம் போட்டது, நிலவறையில் தண்ணீர் ஏறுமா என்பதெல்லாம் பிறகு. எல்லா வீட்டு வாசலிலும் அவர் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "ஸ்கூல் எப்படி?" வீட்டு முகவர் இதற்கு வாயால் பதில் சொல்லமாட்டார். இன்ன இனத்தவரை இன்ன ஊருக்குத் தள்ளிவிட்டதாக நாளைக்கு வழக்கு வந்துவிடக்கூடாது என்ற பயம். பத்துக்கு இத்தனை என்று பள்ளிகளுக்கு மதிப்பெண் போடும் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புன்னகையோடு சொல்லிவிடுவார். நண்பர் ஏற்கெனவே பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஒன்பது என்று போட்டிருந்தது.

அதே தெருவில் நான்கு வீடு தள்ளி ஊர் எல்லை முடிகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் அதே அளவு வீடு, அதே மேப்பிள் மரம், விலை கணிசமாகக் குறைவு. நண்பர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் வீடு வாங்கியபோது நானும் பார்க்கவில்லை.

இது நம்மவர்களின் படிப்பு மோகம் மட்டுமல்ல. சாண்ட்ரா பிளாக் என்ற பொருளாதார அறிஞர் 1999-ல் இதே பாஸ்டன் புறநகர்களை எடுத்துக்கொண்டு, பள்ளி எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் ஒட்டி நிற்கும் வீடுகளின் விலையை ஒப்பிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடினால், பெற்றோர் வீட்டுக்கு 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள் என்று கண்டார். அக்கம்பக்கம், மரம், கடைத்தெரு எல்லாம் ஒன்றாக இருக்கும்போதே இந்த வித்தியாசம். அதாவது, இலவசம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் அமெரிக்கப் பொதுப்பள்ளிக்கு ஒரு கட்டணம் உண்டு. அது அடமானக் கடனுக்குள் ஒளிந்திருக்கிறது. முப்பது வருடத் தவணையில் கட்டுகிறோம். விற்கும்போது பெரும்பாலும் திரும்ப எடுத்தும்விடுகிறோம்.

எனவே, பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டுமா வேண்டாமா என்று அமெரிக்காவில் நடக்கும் விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சற்று வேடிக்கையாக இருக்கும். அந்த உரிமை ஏற்கெனவே இருக்கிறது. எடிசனிலும் ஃப்ரிஸ்கோவிலும் ஃப்ரீமாண்ட்டிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் அதைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கின்றன. மாதச் சம்பளத்தில் அந்த வீட்டை வாங்க முடியாதவருக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

அப்படி வாங்க முடியாத ஒருத்தி என்ன செய்தாள் என்பதற்கு ஓஹையோ மாநிலத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. ஆக்ரன் நகரில் அரசு உதவி வீட்டில் வசித்த கறுப்பினத் தாய். தன் இரண்டு பெண்களையும் பக்கத்துப் புறநகர்ப் பள்ளியில் சேர்ப்பதற்காக அங்கே வசித்த தன் தந்தையின் முகவரியைக் கொடுத்தார். பள்ளி மாவட்டம் துப்பறிவாளரை வைத்துப் பின்தொடர்ந்து கண்டுபிடித்தது. ஆவணத்தில் பொய் சொன்ன குற்றத்துக்காக 2011 ஜனவரியில் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ஒன்பது நாள் உள்ளே இருந்தார். அந்த ஆண்டே மாநில ஆளுநர் ஜான் கேசிக் தலையிட்டுக் குற்றத்தின் தரத்தைக் குறைத்தார். தாத்தா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பிள்ளையைச் சேர்ப்பது நம் ஊரில் அன்றாடச் செய்தி. இங்கே அதற்குக் கை விலங்கு. பொதுப்பள்ளி என்ற சொல்லில் உள்ள 'பொது' எந்த எல்லையில் முடிகிறது என்பதை அந்த வழக்கைப் படித்தபோதுதான் நான் கவனித்தேன்.

*

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் பள்ளிகளைப் பெருமளவு உள்ளூர் சொத்துவரியே நடத்துகிறது. வீட்டு மதிப்பு அதிகமுள்ள ஊரில் வரி விகிதம் குறைவாக இருந்தாலும் பணம் கொட்டும். ஏழை ஊர் எவ்வளவு விகிதம் போட்டாலும் தேறாது. டெக்ஸாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற ஏழைப் பள்ளி மாவட்டத்துப் பெற்றோர், இது சம உரிமைக்கு விரோதம் என்று வழக்குப் போட்டார்கள். 1973-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தள்ளுபடி செய்தது. கல்வி என்பது மத்திய அரசியல் சட்டம் உறுதியளிக்கும் அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. அதன்பின் சண்டை மாநில நீதிமன்றங்களுக்குப் போயிற்று. நியூ ஜெர்சியில் அபட் வழக்குகளின் தீர்ப்புகளால் நெவார்க், கேம்டன் போன்ற ஏழை நகரங்களுக்குப் பணக்காரப் புறநகர்களுக்கு ஈடான பணம் கிடைக்க ஆரம்பித்தது. நல்ல காரியம்தான். ஆனாலும் மதிப்பெண் இடைவெளி மூடிவிடவில்லை. பணம் அவசியம், போதுமானது அல்ல என்று நாங்கள் கணக்கு வகுப்பில் படித்த வாக்கியம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

பணத்தைத் தவிர வேறென்ன வேண்டும்? பள்ளி சரியில்லை என்றால் எழுந்து போகும் வழி வேண்டும். அந்த வழி இருப்பது தெரிந்தால்தான் பள்ளி நிர்வாகமும் காது கொடுக்கும். வசதியுள்ளவன் எழுந்து போய்விடுகிறான். வசதியற்றவனின் குழந்தைக்கு முகவரி எந்தப் பள்ளியைக் காட்டுகிறதோ அதுதான் பன்னிரண்டு வருடம்.

சார்ட்டர் பள்ளி என்ற ஏற்பாடு இந்த இடத்தில்தான் வருகிறது. பெயரைக் கேட்டால் ஏதோ தனியார் பள்ளி போலத் தோன்றும். ஊரில் என் அப்பாவுக்கு விளக்கும்போது, "நம்ம எய்டட் ஸ்கூல் மாதிரின்னு சொல்லு" என்று அவரே முடித்துவிட்டார். பெருமளவு சரி. 1854-ல் வந்த உட் அறிக்கையின் மானிய முறையிலிருந்து வளர்ந்தவை நம் அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டடமும் நிர்வாகமும் சபையுடையது அல்லது அறக்கட்டளையுடையது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்துடையது. திருநெல்வேலியிலும் திருச்சியிலும் படித்து முன்னுக்கு வந்த பலர் அரசுப் பள்ளிக்கும் தனியார் பள்ளிக்கும் நடுவிலிருந்த இந்தப் பள்ளிகளில் படித்தவர்கள்தாம். நானும் அப்படி ஒன்றில்தான் படித்தேன். நான் படித்தது அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று எனக்கு அப்போது தோன்றியதே இல்லை.

அமெரிக்க சார்ட்டர் பள்ளியும் கட்டணம் வாங்கக்கூடாது. நுழைவுத் தேர்வு வைக்கக்கூடாது. இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் போட வேண்டும். மாநிலத் தேர்வை எழுதியாக வேண்டும். ஆனால் ஆசிரியரை நியமிப்பது, பள்ளி நேரத்தை நீட்டுவது, பாடத்திட்டத்தை அமைப்பது இவற்றில் சுதந்திரம் உண்டு. நம் எய்டட் பள்ளியிலிருந்து இரண்டு இடங்களில் மாறுபடுகிறது. அங்கே அரசுப் பணம் ஆசிரியர் பணியிடத்தைப் பின்தொடர்கிறது, இங்கே மாணவனைப் பின்தொடர்கிறது. அங்கே ஒருமுறை அனுமதி கிடைத்தால் ஏறக்குறைய சாசுவதம். இங்கே ஒப்பந்தம் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு மட்டும். பிறகு மறுபரிசீலனை, தேறாவிட்டால் மூடல். எய்டட் பள்ளிகளில் வேலைக்கு என்ன விலை என்ற பேச்சை ஊரில் கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில், இந்த இரண்டாவது விதியின் அருமை எனக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை, இந்த யோசனையைப் பிரபலப்படுத்தியவர் ஒரு தொழிற்சங்கத் தலைவர். அமெரிக்க ஆசிரியர் சம்மேளனத்தின் தலைவர் ஆல்பர்ட் ஷங்கர் 1988-ல், ரே பட் என்ற பேராசிரியரின் சொல்லை எடுத்துக்கொண்டு, ஆசிரியர்கள் சேர்ந்து பரிசோதனைப் பள்ளிகளை நடத்த விடுங்கள் என்று பேசினார். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டத்தை இயற்றியது. 1992-ல் செயின்ட் பால் நகரில் சிட்டி அகாடமி என்ற முதல் பள்ளி திறந்தது. படிப்பை விட்டு நின்ற பிள்ளைகளுக்கான பள்ளி அது. பிறகு ஷங்கரே இதை எதிர்க்க ஆரம்பித்துவிட்டார். தன் சங்கத்துக்கு வெளியே பள்ளிகள் முளைப்பதை அவர் கனவு காணவில்லை. இன்று ஏறக்குறைய 8,000 சார்ட்டர் பள்ளிகளில் 37 லட்சம் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

இதன் ஒன்றுவிட்ட சகோதரன் வவுச்சர். அரசாங்கம் பள்ளி நடத்தத் தேவையில்லை, பெற்றோர் கையில் கல்விச் சீட்டைக் கொடுத்துவிடட்டும் என்று மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல் எழுதினார். அதைச் செய்து காட்டியது ஃப்ரீட்மனின் சீடர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1990-ல் மில்வாக்கி நகரத்துக்கு முதல் நவீன வவுச்சர் சட்டத்தைக் கொண்டுவரப் போராடியவர் பாலி வில்லியம்ஸ். ஜனநாயகக் கட்சிக்காரர், கறுப்பினத்தவர், ஜெஸ்ஸி ஜாக்சனின் ஜனாதிபதித் தேர்தல் பிரசாரத்தை விஸ்கான்சினில் நடத்தியவர். தன் தொகுதிக் குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பிக் கலப்பு என்று கணக்குக் காட்டுவது போதும், பணத்தை எங்கள் கையில் கொடுங்கள், எங்கள் குழந்தைக்கு எது நல்லதென்று எங்களுக்குத் தெரியும் என்பது அவர் கட்சி. குடியரசுக் கட்சி ஆளுநர் டாமி தாம்சன் கையெழுத்திட்டார். பின்னாளில் அந்தத் திட்டத்தை வசதியுள்ளவர்களுக்கும் விரிக்க முனைந்தபோது வில்லியம்ஸ் கடுமையாக எதிர்த்தார். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

தேர்வுரிமை என்ற சொல்லுக்கு ஒரு கறையும் உண்டு. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று 1954-ல் தீர்ப்பு வந்தபின், வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்ட்டி தன் பொதுப்பள்ளிகள் அத்தனையையும் 1959-ல் இழுத்து மூடியது. வெள்ளைக் குழந்தைகள் தனியார் பள்ளிக்குப் போக அரசு உதவித்தொகை கிடைத்தது. கறுப்புக் குழந்தைகள் 1964 வரை வீட்டில் இருந்தார்கள். ஐந்து வருடம். ஒரு தலைமுறையின் எழுத்தறிவு. எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டும்போது வாதத் தந்திரம் என்று ஒதுக்க என்னால் முடியாது. பணம் பெற்றோரைப் பின்தொடரட்டும் என்று சொல்லும்போது, எந்தக் கதவு யாருக்குத் திறக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

*

சரி, இந்தப் பள்ளிகளால் பயன் உண்டா? என்னைப் போன்ற நிரல் எழுதும் ஆசாமிக்குப் பிடித்த பகுதி இது. சார்ட்டர் பள்ளிப் பிள்ளைகள் அதிக மதிப்பெண் வாங்கினார்கள் என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. விண்ணப்பம் வாங்கி நிரப்பி அலையும் அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் எங்கிருந்தாலும் கொஞ்சம் நன்றாகத்தான் படிப்பார்கள். தினமும் கோவிலுக்கு நடந்து போகிறவர்களுக்கு மாரடைப்புக் குறைவு என்றால் காரணம் சாமியா நடையா என்று எப்படிச் சொல்வது?

குலுக்கல் இங்கேதான் கை கொடுக்கிறது. ஒரே பள்ளிக்கு விண்ணப்பித்த நூறு பேரில் பெயர் வந்தவர்களும் வராதவர்களும் அக்கறையில், வசதியில், சராசரியாக ஒரே மாதிரியானவர்கள். வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமே. மருந்துச் சோதனையில் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை கொடுப்பது போல. ஜோஷுவா ஆங்ரிஸ்ட், பராக் பாதக் ஆகிய எம்.ஐ.டி. பேராசிரியர்களும் அவர்கள் குழுவினரும் பாஸ்டன் குலுக்கல்களை இப்படி ஆராய்ந்து 2011-லிருந்து தொடர்ந்து எழுதினார்கள். (ஆங்ரிஸ்டுக்கு 2021-ல் பொருளாதார நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, இதே வகை முறைகளுக்காக.) குலுக்கலில் இடம் கிடைத்த பாஸ்டன் பிள்ளைகளின் மதிப்பெண்கள், குறிப்பாகக் கணக்கில், வெகுவாக உயர்ந்தன. கல்வி ஆராய்ச்சியில் இந்த அளவு உயர்வு அபூர்வம். எலிசபெத் செட்ரன் செய்த ஆய்வில், சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளும் ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத குழந்தைகளும்கூட இதே போலப் பயன் பெற்றிருந்தார்கள். சார்ட்டர் பள்ளிகள் இவர்களைக் கைவிட்டுவிடும் என்பது வழக்கமான குற்றச்சாட்டு.

அதே மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில், நகருக்கு வெளியே இருக்கும் சார்ட்டர் பள்ளிகளில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில இடங்களில் மதிப்பெண் குறைந்துகூடப் போயிற்று. இதில் ஆச்சரியமில்லை. ஏற்கெனவே நல்ல பள்ளி இருக்கும் ஊரில் இன்னொன்று திறந்து என்ன ஆகப்போகிறது? நகரத்துப் பள்ளிகளில் நீண்ட பள்ளி நாள், கறாரான ஒழுங்கு, அடிக்கடி தனிப்பயிற்சி, வகுப்பறைக்குள் வந்து ஆசிரியரைத் திருத்தும் வழக்கம் எல்லாம் சேர்ந்த ஒரு முறை இருந்தது. பயனும் அதோடு சேர்ந்தே வந்தது. வெளியே மாட்டியிருக்கும் பெயர்ப்பலகைக்கு மந்திர சக்தி கிடையாது.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் கதை இன்னும் கலவையானது. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட அறிக்கை சார்ட்டர் ஆதரவாளர்களின் முகத்தில் தண்ணீர் தெளித்தது. கணக்கில் 17 சதவீதப் பள்ளிகள்தாம் அக்கம்பக்கப் பள்ளிகளைவிட மேல். 37 சதவீதம் கீழ். அதே ஆய்வகத்தின் 2023 அறிக்கையில் நிலைமை மாறியிருந்தது. சராசரி சார்ட்டர் மாணவர் வாசிப்பில் வருடத்துக்கு 16 நாள், கணக்கில் 6 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமாக முன்னேறியிருந்தார். மோசமான பள்ளிகளை மூடியதும், நல்லவை கிளை விட்டதும் காரணங்களில் அடக்கம். கணினித் திரை வழியே மட்டும் நடக்கும் இணைய சார்ட்டர்கள்தாம் சராசரியைக் கீழே இழுப்பவை. 2015-ல் அவற்றைத் தனியே ஆராய்ந்தபோது கணக்கில் 180 நாள் இழப்பு என்று வந்தது. அமெரிக்கப் பள்ளி ஆண்டே 180 நாள்தான். ஓஹையோவில் இப்படி ஒரு மாபெரும் இணையப் பள்ளி, ஈகாட் என்பது பெயர், வராத மாணவர்களுக்கெல்லாம் அரசிடம் பணம் வாங்கியது தெரியவந்து 2018 ஜனவரியில் கல்வியாண்டின் நடுவே மூடப்பட்டது. சுமார் 12,000 பிள்ளைகள் நடுத்தெருவில். அரசியல்வாதிகளுக்கு நன்கொடை போய்க்கொண்டிருந்த காலம் வரை யாரும் தலையை எண்ணவில்லை.

சார்ட்டர் பள்ளிகளை விரிவாக்க வேண்டும் என்று வாதிடுபவன் நான். ஆகவே இதைச் சொல்வது என் கடமை: கண்காணிப்பும் மூடும் துணிவும் இல்லாத மாநிலத்தில் விரிவாக்கம் வேண்டாம். அது இருக்கும் மாநிலத்தில் உச்சவரம்பு எதற்கு என்பதுதான் என் கேள்வி.

*

இரண்டும் இருந்த மாநிலம் மாஸசூஸெட்ஸ். 2010-ல் அங்கே ஒரு சட்டம், மிகப் பின்தங்கிய மாவட்டங்களில் சார்ட்டர்களுக்குப் போகக்கூடிய செலவின் உச்சவரம்பை 9 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தியது. பழைய பள்ளிகள் புதுக் கிளைகள் திறந்தன. வளர்ந்தால் தரம் நீர்த்துவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்திருப்பேன், பத்துப் பேர் சேர்ந்து எழுதிய நல்ல மென்பொருளை நூறு பேர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தவன். ஆனால் புதுக் கிளைகளும் தாய்ப்பள்ளிகளைப் போலவே பலன் தந்தன என்று பின்னாளில் குலுக்கல் ஆய்வுகள் காட்டின.

2016 நவம்பரில் வருடத்துக்கு 12 புதிய பள்ளிகள் அல்லது விரிவாக்கங்களை அனுமதிக்கலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கப்பட்டது. 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பாஸ்டன் நகரமும் வேண்டாம் என்றது. கறுப்பினத்தவரின் மூத்த அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி. அதற்கு முந்தைய மாதம்தான் நாடு முழுவதும் புதிய சார்ட்டர்களை நிறுத்திவைக்கக் கோரியிருந்தது. எங்கள் தரப்புக்கு வெளியூர்க் கோடீஸ்வரர்களின் பணம் கொட்டியது. கொடுத்தவர் பெயரை மறைத்ததற்காக ஓர் அமைப்பு 2017-ல் மாநில அரசுக்கு 4,26,466 டாலர் கட்டியது. நல்ல காரியத்தைக் கெடுக்க இதைவிடச் சிறந்த வழி கிடையாது.

தோல்விக்கு ஆசிரியர் சங்கத்தின் வலிமையும் காரணம்தான். அதை மட்டும் சொல்லித் தேற்றிக்கொள்வது சோம்பேறித்தனம். வேண்டாம் என்றவர்களிடம் ஒரு நல்ல கணக்கு இருந்தது. ஒரு பள்ளியில் 25 பேர் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் சார்ட்டருக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பேருக்கான பணம் கூடவே போய்விடும். ஆசிரியர் சம்பளமோ, கொதிகலனுக்கு எண்ணெயோ, பேருந்து ஓட்டுநரோ இரண்டு பேர் அளவுக்குக் குறைவதில்லை. மிஞ்சிய 23 பேரின் இசை வகுப்பு போய்விடும். இந்த இடைக்கால இழப்பை ஈடுகட்ட மாநிலச் சட்டத்திலேயே ஏற்பாடு இருந்தது. ஆனால் சட்டமன்றம் அதற்கு முழுப் பணம் ஒதுக்காமல் ஆண்டாண்டாக ஏய்த்து வந்தது. நகராட்சித் தலைவர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. விரிவாக்கம் கேட்கிறவர்கள் முதலில் இந்த ஈட்டுத்தொகையை முழுசாகக் கொடு என்று தெருவில் நின்றிருக்க வேண்டும். நாங்கள் நிற்கவில்லை. எங்களுக்குக் குலுக்கல் ஆய்வு கையில் இருந்தது, அதுவே போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

மற்ற இரண்டு ஆட்சேபங்களையும் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். சில சார்ட்டர்கள் பிடிக்காத பிள்ளைகளை மெல்லக் கழற்றிவிடுகின்றன என்பது ஒன்று. நியூயார்க்கில் மதிப்பெண்ணுக்குப் பேர்போன சக்சஸ் அகாடமி குழுமத்தின் ஒரு பள்ளியில், 'போயாக வேண்டியவர்கள்' என்று தலைப்பிட்டு 16 குழந்தைகளின் பட்டியல் இருந்ததை 2015-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. நிர்வாகம் அது தவறு என்று ஒப்புக்கொண்டது. இதற்கு மருந்து, இடையில் போகிறவர் எண்ணிக்கையைப் பள்ளிவாரியாக வெளியிடச் செய்வதும் காலியான இடத்தை நிரப்பியே தீர வேண்டும் என்ற விதியும். இன்னொன்று நியூ ஆர்லியன்ஸ். 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் அந்நகரப் பள்ளிகள் படிப்படியாக ஏறக்குறைய முழுவதும் சார்ட்டர்களாயின. டுலேன் பல்கலைக்கழகத்தின் டக்லஸ் ஹாரிஸ் குழுவின் ஆய்வுப்படி மதிப்பெண், பள்ளி இறுதித் தேர்ச்சி, கல்லூரி நுழைவு எல்லாம் கூடின. ஆனால் புயலில் வீடிழந்து நின்ற 7,000-க்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்களை ஒரே உத்தரவில் வேலைநீக்கம் செய்த பிறகுதான் அது தொடங்கியது. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின நடுத்தர வர்க்கம். அந்தக் காயம் ஆறவில்லை. 2024-ல் மாவட்டமே நேரடியாக நடத்தும் லியா சேஸ் பள்ளி திறந்தபோது ஊர் கொண்டாடியதை இந்தப் பின்னணியில்தான் புரிந்துகொள்ள முடியும்.

*

இப்போது பாலி வில்லியம்ஸுக்குத் திரும்புவோம். கடந்த சில ஆண்டுகளில் தேர்வுரிமை இயக்கம் பெரும் வெற்றிகளைப் பெற்றிருப்பதாகச் சொல்கிறார்கள். 2022-ல் அரிசோனா, 2023-ல் ஃப்ளோரிடா ஆகியவை வருமான வரம்பே இல்லாமல் எல்லாப் பெற்றோருக்கும் கல்விப் பணத்தைக் கையில் கொடுக்க ஆரம்பித்தன. 2025 மே மாதம் டெக்ஸாஸ் நூறு கோடி டாலர் ஒதுக்கி, 2026-27 கல்வியாண்டு முதல் என்று சட்டமாக்கியது. 2025 ஜூலையில் நிறைவேறிய மத்திய வரிச் சட்டம், உதவித்தொகை அமைப்புகளுக்கு நன்கொடை தருவோருக்கு 2027 முதல் 1,700 டாலர் வரை வரியில் கழித்துத் தருகிறது. சேருவதா வேண்டாமா என்பது மாநிலங்களின் விருப்பம்.

இவற்றை என்னால் கொண்டாட முடியவில்லை. அரிசோனாவில் திட்டம் எல்லோருக்கும் திறந்தவுடன் முதலில் விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அதற்குமுன் பொதுப்பள்ளியில் படித்ததற்கான பதிவே இல்லாதவர்கள். ஏற்கெனவே தனியார் பள்ளியில் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கோ வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கோ அரசாங்கம் பணம் திருப்பிக் கொடுத்தது போலாயிற்று. ஆக்ரன் தாய்க்கு இதில் என்ன கிடைக்கும்? சீட்டு கையில் இருக்கும். ஆனால் கட்டணத்துக்குப் போதாது. போதினாலும் தனியார் பள்ளிதான் குழந்தையைத் தேர்ந்தெடுக்கும், பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்லை. லூயிசியானாவில் 2012-ல் மாநிலம் முழுக்க விரிந்த வவுச்சர் திட்டத்தையும் குலுக்கல் முறையில் ஆராய்ந்தார்கள். வவுச்சர் கிடைத்த ஏழைப் பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் சரிந்தது. நல்ல தனியார் பள்ளிகள் அந்தப் பணத்தை ஏற்க முன்வரவில்லை. முன்வந்தவை பல, பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்த பள்ளிகள்.

வாக்காளர்கள் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறார்கள். 2024 நவம்பரில் டிரம்ப் எளிதில் வென்ற கென்டக்கியிலும் நெப்ராஸ்காவிலும்கூட இத்தகைய திட்டங்கள் வாக்கெடுப்பில் தோற்றன. கிராமத்தில் இருப்பதே ஒரு பள்ளி. அங்கே சீட்டை வைத்துக்கொண்டு எங்கே போவது?

என் பயம், வவுச்சர் மீதான கோபத்தில் சார்ட்டரும் சேர்ந்து அடிபடும் என்பது. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அழிந்துகொண்டு வருகிறது. ஓக்லஹோமாவில் கத்தோலிக்க சபை நடத்தும் ஒரு மதப் பள்ளியையே சார்ட்டராக அனுமதிக்கக் கேட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு நீதிபதி விலகிக்கொண்டதால் 2025 மே 22 அன்று 4-க்கு 4 என்று முடிந்து, அனுமதி இல்லை என்ற மாநிலத் தீர்ப்பு நின்றது. அது மறுபக்கம் சாய்ந்திருந்தால் ஜனநாயகக் கட்சி ஆளும் மாநிலங்கள் சார்ட்டர் சட்டத்தையே சுருக்கியிருக்கும். பாஸ்டன், நியூயார்க், நெவார்க் எல்லாம் அந்த மாநிலங்களில்தான் இருக்கின்றன. சார்ட்டர்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்டதும் அங்கேதான்.

நம் ஊரிலும் இதே சிக்கலின் இன்னொரு வடிவம் இருக்கிறது. 2009-ல் இயற்றிய கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்குகிறது. கட்டணத்தை அரசு கொடுக்கும், விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். 2025-ல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நிதிச் சண்டையில் தமிழ்நாட்டில் இந்தச் சேர்க்கையே நடக்காமல் கிடந்து, அக்டோபரில்தான் தொடங்கியது. பள்ளி திறந்து நான்கு மாதம் கழித்து. அந்த நான்கு மாதம் காத்திருக்கக் கூடியவர்களுக்கு இந்தத் திட்டம் தேவைப்படாது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உச்சவரம்பைப் பாஸ்டன் போன்ற இடங்களில், நல்ல பதிவுள்ள பள்ளிகளுக்கு மட்டுமாவது எடுத்துவிடட்டும். மாணவன் போகும்போது பழைய பள்ளிக்கு நேரும் இழப்பைச் சில ஆண்டுகளுக்கு மாநிலம் முழுசாக ஏற்கட்டும். இணைய சார்ட்டர்களை மூடட்டும். இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லும்போது கூட்டத்தில் அமைதி வந்துவிடுகிறது: புறநகர்ப் பள்ளிகளில் காலியாகும் இடங்களைக் குலுக்கல் மூலம் நகரத்துப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடட்டும். பிறப்பு விகிதம் குறைந்து பல ஊர்களில் வகுப்புகள் சுருங்கி வருகின்றன. இடம் இருக்கிறது. பாஸ்டனிலிருந்து சில ஆயிரம் பிள்ளைகளைச் சுற்றுவட்டார ஊர்கள் 1966-லிருந்து மெட்கோ என்ற திட்டத்தில் ஏற்று வருவதால் இது புதிதும் அல்ல.

நண்பர் அந்த வீட்டை வாங்கிவிட்டார். கிரகப்பிரவேசத்தன்று சாப்பாட்டுக்குப் பின் இந்தக் கடைசி யோசனையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லைக்கு அந்தப் பக்கமிருந்தும் வரலாம்னா, நாங்க எதுக்கு இவ்வளவு கூடக் கொடுத்து இந்தப் பக்கம் வாங்கினோம்?" என்றார். அவர் மனைவி, "உங்க வீடும் இதே பக்கம்தானே அண்ணா, ஒங்களுக்கும் வெல கொறையுமே" என்று சிரித்தார். குறையும்தான். எவ்வளவு என்று அன்றிரவு சாண்ட்ரா பிளாக்கின் விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் ஒரு வருடச் சேமிப்பைவிடச் சற்று அதிகமாக வந்தது.